என்.எம்.எம்.எஸ். தேர்வில் மதிப்பெண் எங்கே சிந்துகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு எனும் என்.எம்.எம்.எஸ். முடிவு வந்த மறுநாள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஆண்டுதோறும் ஒரே மாதிரிச் செய்திதான். இன்ன பள்ளியில் இத்தனை பேர் தேர்வு, தலைமையாசிரியர் பொன்னாடை போர்த்திப் பாராட்டினார். பாராட்டட்டும். ஆனால் எட்டாம் வகுப்பில் மொத்தமே 12 பேர் படிக்கும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் 2 பேர் தேர்வானதையும், 180 பேர் படிக்கும் மேல்நிலைப்பள்ளியில் 9 பேர் தேர்வானதையும் ஒரே பட்டியலில் போட்டால் சின்னப் பள்ளி பின்தங்கியதுபோல் தெரிகிறது. அங்கே ஆறில் ஒருவர், இங்கே இருபதில் ஒருவர். எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் எழுதினார்கள் என்ற இரண்டு எண்களையும் சேர்த்து அச்சிட்டால் செய்திக்கு ஒரு வரிதான் கூடும்.

தேர்வைப் பற்றித் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாக: எட்டாம் வகுப்போடு ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக்கூடாது என்று மத்திய அரசு 2008ல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இது. நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேர். அதில் தமிழ்நாட்டின் பங்கு 6,695. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் படிப்பவர்களுக்கு மட்டும். கேந்திரிய வித்யாலயா, நவோதயா மாணவர்களுக்குக் கிடையாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50) எடுத்திருக்க வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய் வீதம் நான்கு ஆண்டில் 48,000 ரூபாய்.

இதில் பலர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. மனத்திறன் தேர்வு 90, படிப்பறிவுத் தேர்வு 90 என மொத்தம் 180 மதிப்பெண், அதில் 40 சதவீதம், அதாவது 72 எடுத்தால் தேர்ச்சி (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 32 சதவீதம்). தேர்ச்சி வேறு, உதவித்தொகைக்குத் தேர்வாவது வேறு. 6,695 இடமும் இட ஒதுக்கீட்டின்படி தரவரிசையில் நிரம்புகிறது. 72 எடுத்த பிள்ளையின் வீட்டில் இனிப்பு கொடுத்துவிட்டுப் பிறகு பட்டியலில் பெயரைத் தேடும் கதை இதனால்தான்.

இனி நாங்கள் சொல்ல வந்தது. பள்ளிகளில் இந்தத் தேர்வுக்கான பயிற்சி பெரும்பாலும் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஒரு கைடு, நாளுக்கொரு மாதிரி வினாத்தாள். விடைக்குறிப்பை வாசிப்பார்கள், பிள்ளைகள் சரி, தவறு போட்டு மொத்தத்தைக் கூட்டுவார்கள், அடுத்த நாள் அடுத்த தாள். இருபது தாள் எழுதினாலும் 85ல் இருந்த பிள்ளை 90ல் நிற்கிறது. காரணம் எளிது. தவறான விடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரியான விடை, பிள்ளைக்குத் தெரியும் என்பதை மட்டுமே சொல்லும். எந்தத் தவறான விடையைத் தேர்ந்தது என்பதுதான் அதன் மனசுக்குள் நடந்த கணக்கைக் காட்டும்.

ஓர் எண் தொடரைப் பாருங்கள்: 3, 4, 8, 17, 33, அடுத்தது என்ன? கொடுத்திருக்கும் விடைகள் 49, 50, 58, 66. வித்தியாசங்கள் 1, 4, 9, 16 என வர்க்க எண்களாகப் போகின்றன. அடுத்தது 25, ஆகவே விடை 58. 66 என்று குறித்த பிள்ளை 17, 33 என்ற கடைசி இரண்டு எண்களை மட்டும் பார்த்து, இரட்டிப்பாகிறது என்று முடிவு கட்டியது. 50 என்று குறித்தது முந்தைய இரண்டையும் கூட்டியது. ஃபிபோனாச்சி தொடரை முந்தின வாரம் நடத்தியிருப்பார்கள், அந்த ஞாபகம். 49 குறித்த பிள்ளைதான் சரியான பாதையில் போனது. வித்தியாசம் கண்டுபிடித்துவிட்டு, வித்தியாசங்களுக்குள் இருக்கும் ஒழுங்கைப் பார்க்காமல் கடைசி 16ஐயே திரும்பக் கூட்டிவிட்டது. மூன்று பேருக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் மூன்று பேருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. ‘விடை 58, அடுத்த கேள்வி’ என்று நகர்ந்தால் மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

கண்ணாடியில் தெரியும் கடிகாரமும் அப்படித்தான். கண்ணாடியில் தெரியும் நேரத்தை 12.00லிருந்து கழித்தால் உண்மை நேரம் வரும். 4.20 என்று தெரிந்தால் உண்மை நேரம் 7.40. பிள்ளைகள் பெரும்பாலும் குறிப்பது 8.40. 12ல் 4 போனால் 8, 60ல் 20 போனால் 40. நிமிடத்துக்காக ஒரு மணி நேரத்தைக் கடன் வாங்கியதை மறந்துவிடுகிறார்கள். 12.00 என்பதை முதலில் 11.60 என்று எழுதிவிட்டுக் கழிக்கச் சொன்னால் இந்தத் தவறு அன்றோடு போகும். நாள்காட்டிக் கேள்வியில் ‘லீப் வருடம் என்றால் இரண்டு நாள் தள்ளும்’ என்ற சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைதான் சறுக்குகிறது. 2024 ஜனவரி 26 வெள்ளி. 2025 ஜனவரி 26 ஞாயிறு, இரண்டு நாள் தள்ளியது. 2024 ஆகஸ்ட் 15 வியாழன். 2025 ஆகஸ்ட் 15 வெள்ளி, ஒரு நாள்தான். இரண்டு தேதிகளுக்கு நடுவில் பிப்ரவரி 29 வருகிறதா என்பதே கேள்வி. ஆண்டின் பெயர் இல்லை.

வண்ணம் பூசிய கனசதுரக் கேள்விகளைப் படத்தை வைத்து நடத்தக்கூடாது. படத்தில் மூன்று பக்கம்தான் தெரியும், பிள்ளை அதை மட்டும்தான் எண்ணும். ஒரு சர்க்கரைவள்ளிக்கிழங்கையோ சோப்புக் கட்டியையோ கனசதுரமாகச் செதுக்கி, வெளியே மை தடவி, பக்கத்துக்கு மூன்றாக வெட்டி 27 துண்டாக்குங்கள். மூன்று பக்கம் மை உள்ளவை 8, இரண்டு பக்கம் 12, ஒரு பக்கம் 6, மையே படாதது நடுவில் இருக்கும் 1. நான்கையும் கூட்டி 27 வருகிறதா என்று சரிபார்க்கும் பழக்கத்தையும் அப்போதே ஏற்றிவிடலாம். பிறகு பக்கத்துக்கு நான்கு என்றால் 8, 24, 24, 8 என்று பிள்ளைகளே சொல்வார்கள். எழுத்துத் தொடருக்கு ஆங்கில எழுத்துகளின் எண்ணிக்கை விரல் நுனியில் இருக்க வேண்டும்: இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. இந்த ஐந்து தூண்கள் இருந்தால், தொடக்கத்தில் உள்ள ஏ, பி தவிர எந்த எழுத்தையும் இரண்டு அடிக்குள் பிடிக்கலாம். பின்னாலிருந்து எண்ண, 27லிருந்து கழித்தால் போதும்.

வகுப்பில் இதைச் செய்ய அதிக நேரம் தேவையில்லை. வாரம் ஒரு தாள், அதுவும் 30 கேள்வி போதும். எழுதி முடித்ததும் தாள்களை வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் எந்த விடையைக் குறித்தார்கள் என்று ஒரு கட்டத்தில் எண்ணிப் போடுங்கள். கையைத் தூக்கச் சொன்னால் வேலைக்காகாது. கெட்டிக்காரப் பிள்ளை தூக்குவதைப் பார்த்து மற்றவர்களும் தூக்குவார்கள். எண்ணியதில் இரண்டு விதமான தோல்வி தெரியும். தவறானவர்கள் எல்லோரும் ஒரே விடையில் குவிந்திருந்தால், அவர்கள் மனசில் ஒரு தவறான விதி உட்கார்ந்திருக்கிறது. அதைக் கேட்டு வெளியே எடுத்துத் திருத்தினால் பத்து நிமிட வேலை. நான்கு விடைகளிலும் சிதறியிருந்தால் அது குருட்டாம்போக்கு. அந்தப் பாடமே ஏறவில்லை, முதலிலிருந்து நடத்தத்தான் வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் மறுபடி நடத்துவதில்தான் மாலை நேரம் கரைகிறது. கூடவே ஒவ்வொரு பிள்ளையும் தன் தவறுக்குப் பக்கத்தில் தெரியவில்லை, அவசரம், கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கட்டும்.

மூன்றாவது காரணம்தான் படிப்பறிவுத் தேர்வில் அதிகம் உதைக்கிறது. அந்தத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. ‘தவறான கூற்று எது’, ‘பொருந்தாததைத் தேர்ந்தெடு’, ‘கூற்று சரி, காரணம் தவறு’ என்று வரும் கேள்விகளில் பாடம் தெரிந்த பிள்ளையே வீழ்கிறது. முதல் விடையே உண்மையான கூற்றாக இருக்கும். ‘சரி’ என்று பட்டதும் கை குறித்துவிடும். தவறான, அல்லாத, பொருந்தாத ஆகிய சொற்களைக் கண்ட இடத்தில் வட்டம் போட்டுவிட்டுத்தான் விடைக்குப் போக வேண்டும் என்பதைப் பழக்கமாக்க வேண்டும். இன்னொன்று, இரண்டு தாளையும் தனித்தனி உலகமாக நடத்துவது. ஒருவர் கிழக்கே 3 கி.மீ., பிறகு வடக்கே 4 கி.மீ. நடந்தால் புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறார் என்பது மனத்திறன் தாளில் திசைக் கேள்வி. அதுவே ஏழாம் வகுப்பு அறிவியலில் இடப்பெயர்ச்சி, எட்டாம் வகுப்புக் கணிதத்தில் பிதாகரஸ் தேற்றம். விடை 5. பலரும் குறிக்கும் 7, கடந்த தொலைவு. கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரே நாளில் இந்தக் கேள்வியை எடுத்தால் மூன்று பாடத்துக்கும் ஆயிற்று.

நேரக் கணக்கைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 90 நிமிடத்தில் 90 கேள்வி என்றால் கேள்விக்கு ஒரு நிமிடம் என்று நினைக்கிறார்கள். விடைத்தாளில் விடைக்குரிய ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து விநாடி என்றாலே ஏழரை நிமிடம் போய்விடும். மிச்சம் கேள்விக்கு 55 விநாடி. எனவே முதல் சுற்றில் பார்த்ததும் தெரிந்தவை, இரண்டாம் சுற்றில் கணக்குப் போட வேண்டியவை, கடைசியில் படக் கேள்விகளில் இழுப்பவை. சுற்றுச் சுற்றாகப் போகும்போது வட்டம் நிரப்பும் அந்த ஓ.எம்.ஆர். தாளில் ஒரு வரிசை தவறி, அதன்பின் எல்லாமே ஒன்று தள்ளிப் போகும் ஆபத்து உண்டு. விட்ட கேள்வி எண்ணை வினாத்தாளில் வட்டமிடுவதும், பத்துக் கேள்விக்கு ஒருமுறை எண்ணைச் சரிபார்ப்பதும்தான் மருந்து. எல்லாவற்றையும் கடைசியில் சேர்த்து நிரப்பலாம் என்று மட்டும் சொல்லித்தராதீர்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாத தேர்வு இது. தெரியாத 20 கேள்வியைக் காலியாக விட்டால் பூஜ்யம். நான்கில் ஒன்றைக் குறித்தால் சராசரியாக ஐந்து வரும். தரவரிசைப் போட்டியில் ஐந்து மதிப்பெண் சாதாரணமில்லை. பொதுத்தேர்வில் தெரியாததை எழுதாதே என்று பழக்கியதாலோ என்னவோ, நல்ல பிள்ளைகள்தான் அதிகம் காலியாக விடுகிறார்கள்.

உங்கள் நாளிதழும் இதில் உதவலாம். மாதிரி வினாத்தாள் வெளியிடும் நாளில் கீழே தலைகீழாக விடை எண்களை மட்டும் அச்சிடாமல், பத்துக் கேள்வியைக் குறைத்துக்கொண்டு, மீதி இடத்தில் ஒவ்வொரு தவறான விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் ஆசிரியர்.

கடைசியாக, தேர்வானபின் பணம் போய்ச் சேராமல் நிற்கும் இடம். நடுநிலைப்பள்ளி எட்டாம் வகுப்போடு முடிகிறது. பிள்ளை தேர்வெழுதியது ஒரு பள்ளியில், உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பில் சேரும் இன்னொரு பள்ளியில். பழைய பள்ளிக்கு வேலை முடிந்தது. புதிய பள்ளிக்கு இந்தப் பிள்ளை தேர்வானதே தெரியாது. தெரிந்து விண்ணப்பித்தாலும் பள்ளி அளவில் ஒன்று, மாவட்ட அளவில் ஒன்று என இரண்டு சரிபார்ப்பு உண்டு. ஒன்று விட்டாலும் அந்த ஆண்டுப் பணம் நிற்கும். தேர்வு முடிவில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக என்று மூன்று விதமாக இருக்கும் பெயரால் நிற்பதும் உண்டு. ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும் என்பதால், ஒரு பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் ஒன்றில் தேடுவார்கள், பணம் மற்றதில் கிடக்கும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும், பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் (எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 55) இல்லாவிட்டால் பதினொன்றுக்கு வராது, தனியார் பள்ளிக்கு மாறினாலும் வராது.

ஆகவே நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர்கள் மாற்றுச் சான்றிதழோடு ஓர் அரைத்தாளை இணைத்துக் கொடுத்தால் நல்லது. அதில் தேர்வுப் பதிவெண், தேர்வு முடிவில் உள்ளபடி பெயர், ஆதாரில் உள்ளபடி பெயர், ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்பது, சாதி, வருமானச் சான்றிதழ் எண்கள் ஆகியவை இருக்கட்டும். பெயர் வித்தியாசத்தை ஏப்ரல், மே விடுமுறையிலேயே ஆதார் மையத்தில் திருத்திவிடலாம். ஜூனில் பள்ளி திறந்தபின் அங்கே வரிசை நீளும்.

இப்படிக்கு,
நடுநிலைப்பள்ளிப் பட்டதாரி ஆசிரியர்கள் சிலர்,
தருமபுரி மாவட்டம்.