பிசியோதெரபி சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களில் பிசியோதெரபி படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

இருபது வருடங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள் பயிற்சிக்காக என் வார்டுக்கு வருகிறார்கள். அதுபோக, ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் தெரிந்தவர் பிள்ளை, தெரிந்தவருக்குத் தெரிந்தவர் பிள்ளை என்று யாராவது ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். விண்ணப்பத்தோடு எழுதித் தரச் சொல்கிறீர்களே, 'நான் ஏன் பிசியோதெரபி படிக்க விரும்புகிறேன்' என்ற அந்த ஒரு பக்கம். "கொஞ்சம் திருத்திக் கொடுங்களேன்" என்பார்கள். இதுவரை எத்தனை படித்திருப்பேன் என்று கணக்கில்லை.

பாதிக்குப் பாதி ஒரே கதைதான். விளையாடும்போது முழங்காலில் அடி. எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்திருந்தபோது ஒரு பிசியோ வந்தார். சில மாதங்களில் மறுபடியும் ஓட வைத்தார். அன்றே முடிவு செய்துவிட்டேன். மிச்சமிருப்பவற்றில் பெரும்பாலானவை 'சிறு வயது முதலே பிறருக்கு உதவுவதில் எனக்கு' என்று ஆரம்பிக்கும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. முழங்காலில் அடிபட்டது நிஜம், உதவும் குணமும் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் பத்துப் பக்கங்களைக் கலைத்துப் போட்டால் எது யாருடையது என்று எழுதியவர்களுக்கே தெரியாது. இதை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி ஆள் எடுக்கிறீர்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த முறை ஒரு பெண் வந்தாள். அவள் கொண்டுவந்த பக்கத்தில் குழுவாகச் செயல்படுதல், தொடர்புத் திறன், பொறுமை, தலைமைப் பண்பு எல்லாம் ஆஜர். நடுவில் ஒரே ஒரு வரி: 'ஒரு மறுவாழ்வுப் பிரிவில் இரண்டு நாட்கள் பார்வையாளராக இருந்தேன்.' அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பையிலிருந்து உள்ளங்கை அளவு நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாம் பக்கத்தில் பென்சிலில் இப்படி எழுதியிருந்தது:

'இடது பக்கம் பக்கவாதம். நாற்காலியிலிருந்து எழ மூன்று தடவை முயற்சி செய்தார். முடியவில்லை. மூன்று தடவையும் இடது பாதம் முழங்காலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருந்தது. பிசியோ கையைப் பிடித்து இழுக்கவில்லை. உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பின்னால் நகர்த்தி வைத்தார். மூக்கு கால் விரலுக்கு நேராக வரட்டும் என்றார். நாலாவது தடவை எழுந்துவிட்டார். யாரும் தூக்கவில்லை.'

கடைசி இரண்டு வார்த்தைகளுக்குக் கீழே இரண்டு கோடு.

உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவர் எழ வேண்டுமானால் உடலின் எடை பாதங்களுக்கு மேலே வந்தாக வேண்டும். பாதம் முன்னால் நீட்டியிருந்தால் எவ்வளவு குனிந்தாலும் எடை பின்னாலேயே நின்றுவிடும், ஆள் திரும்ப நாற்காலியிலேயே விழுவார். நாம் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டோம். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லித் தராமல், மூன்று தடவையும் பாதம் எங்கே இருந்தது என்று பார்த்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற மற்றவர்கள் எல்லாம் நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன், அந்த வயதில்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் அவங்க கேட்கலையே மேடம்."

அவள் சொன்னது சரி. நீங்கள் கேட்கவில்லை. உங்கள் குறிப்பில் 'தகுதிகள், திறன்கள், ஆர்வம்' என்று இருக்கிறது. அவளும் தகுதிகளைப் பட்டியல் போட்டாள், பார்த்ததைப் பையில் வைத்துக்கொண்டாள். நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கேள்வியை மாற்றுங்கள். 'அசையச் சிரமப்படும் ஒருவரை ஒரு மணி நேரம் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள்.' இவ்வளவு போதும். ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. படிக்கட்டில் இறங்கும் முதியவர், நடக்கப் பழகும் குழந்தை, யாரானாலும் சரி, அவர்களிடம் கேட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், அவரும் உங்களைப் போல் ஒரு குழுவில் இருப்பவர், கேட்டார்: "அப்போ அறிவியல்? மதிப்பெண்?" மதிப்பெண் இருக்கட்டும், நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. உடற்கூறியலை மனப்பாடம் செய்ய முடியாதவர் முதல் வருடத்தைத் தாண்ட மாட்டார். ஆனால் நேர்காணலில் அறிவியலைச் சோதிக்க வேண்டுமென்றால் ஒரு கைத்தடியைக் கொண்டுபோய் அறையில் வையுங்கள். வலது இடுப்பு மூட்டில் வலி என்று நினைத்துக்கொள், தடியை எந்தக் கையில் பிடிப்பாய்? அநேகமாக எல்லோரும் வலது கையில்தான் பிடிப்பார்கள், வலி அங்கேதானே இருக்கிறது. இப்போது இடது கைக்கு மாற்றி நடக்கச் சொல்லுங்கள். எது லேசாக இருக்கிறது, ஏன் என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

வலது காலில் மட்டும் நிற்கும் நொடியில் உடலின் எடை இடுப்பு மூட்டுக்கு இடப்புறமாக இறங்குகிறது. இடுப்பு சரியாமல் இருக்க வெளிப்புறத் தசைகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. அந்தத் தசைகள் மூட்டுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதால் நெம்புகோலின் கை குட்டை, அதனால் எடையைவிட அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் சேர்ந்து மூட்டின் மேல் விழும் சுமை உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு. இடது கையில் இருக்கும் தடி மூட்டிலிருந்து தூரத்தில் இருக்கிறது. நெம்புகோல் நீளம் என்பதால் லேசாக ஊன்றினாலே தசையின் வேலை நிறையக் குறைந்துவிடும். பள்ளியில் சீசா பலகையை வைத்துப் படித்ததுதான் இது. விடை தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தடியைக் கையில் வாங்கி, நடந்து பார்த்து, "இருங்க, இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று சொல்லும் பிள்ளை யார் என்று பாருங்கள்.

முழங்கால் கதைக்கு வருகிறேன். அதைப் படித்து எனக்கு எரிச்சல் வருவது கதை பழையது என்பதால் அல்ல. உலகத்தில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 240 கோடிப் பேருக்கு, மறுவாழ்வு சிகிச்சையால் பயன்பெறக்கூடிய ஏதோவொரு பிரச்சினை இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் மைதானத்துக்குத் திரும்ப வேண்டியவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? முதுகுவலிக்காரர்கள், எலும்பு முறிந்த வயதானவர்கள், மாடி ஏறினால் மூச்சு வாங்குபவர்கள், பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள், பிரசவத்துக்குப் பிறகு சிறுநீரை அடக்க முடியாமல் வெளியே சொல்லவும் கூச்சப்படும் பெண்கள். இவர்கள்தான் நம் நாள் முழுவதும். விண்ணப்பங்களில் மட்டும் இவர்களைக் காணவே முடிவதில்லை.

ஒரு பையன் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். கெட்டிக்காரன். முதல் நாளே தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தார்கள். செயற்கை சுவாசத்தில் இருந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் கை வைத்து, குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்தேன். சளியின் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. வெளியே பெஞ்சில் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். "இது நர்ஸ் வேலை இல்லையா?" என்றுதான் முதலில் கேட்டான். இரண்டாம் வருட முடிவில் படிப்பையே மாற்றிக்கொண்டான். அவன்மேல் தப்பே இல்லை. விண்ணப்பத்திலிருந்து நேர்காணல் வரைக்கும் ஒருத்தர்கூட அவனிடம் சளியைப் பற்றிப் பேசவில்லை. அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்திருக்கலாம்.

அடுத்தது, பார்வையாளர் நேரம். சிகிச்சை மையத்தில் இத்தனை மணி நேரம் இருந்ததற்குச் சான்று வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். அந்தச் சான்று யாருக்கு எளிதாகக் கிடைக்கும்? குடும்பத்தில் ஒரு டாக்டர் இருப்பவர்களுக்கு. ஒரு போன் போட்டால் முடிந்தது. படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, முதுகில் எங்கே தோல் சிவந்திருக்கிறது என்று பார்த்து, அவர் திட்டுவதையும் வாங்கிக்கொண்டு பரீட்சைக்குப் படித்த பிள்ளைக்கு யார் சான்று கொடுப்பது? அந்தப் பிள்ளையின் விண்ணப்பத்தில் பார்வையாளர் நேரம் என்ற கட்டம் காலியாக இருக்கும். தாத்தாவைத் திருப்பிப் போட்டதெல்லாம் ஒரு தகுதி என்று அதற்கே தோன்றியிருக்காது. அந்தக் கட்டத்துக்குக் கீழே 'வீட்டில் யாரையாவது பராமரித்திருக்கிறீர்களா?' என்று இன்னொரு கட்டம் போடுங்கள். அதற்குச் சான்று கேட்காதீர்கள். திருப்பும்போது கையை எங்கே வைத்தாய் என்று நேரில் கேட்டால் போதும், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அப்புறம், "மருத்துவப் படிப்பு கிடைத்தால் போய்விடுவாயா?" என்ற கேள்வி. தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். 'போவேன்' என்று சொல்லும் அளவுக்கு யார் அசடு? எல்லோரும் 'மாட்டேன்' என்பார்கள், நீங்களும் தலையாட்டுவீர்கள். என்னையும் கேட்டார்கள், கண் இமைக்காமல் பொய் சொன்னேன். கிடைக்காமல் போனதால்தான் இங்கே வந்தேன். முதல் வருடம் முழுக்க அந்த வருத்தம் இருந்தது. எப்போது போனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் தேடிப் பார்த்தபோது இல்லை, அவ்வளவுதான்.

உடல் பலத்தைப் பற்றியும் ஒன்று. ஒல்லியான பெண்ணைப் பார்த்து "நோயாளியைத் தூக்க முடியுமா?" என்றும், பார்வைக் குறையோ நடையில் குறையோ உள்ள பையனைப் பார்த்து "உன்னால் சமாளிக்க முடியுமா?" என்றும் கேட்கிறீர்களாம். முதலாம் உலகப் போரில் கண்ணை இழந்த வீரர்களுக்காக லண்டனில் 1915ல் தொடங்கிய செயின்ட் டன்ஸ்டன்ஸ் என்ற விடுதியில் அவர்களுக்கு மசாஜ் பயிற்சி கொடுத்தார்கள். அன்றைக்கு இந்தத் தொழிலின் பெயரே அதுதான். பலர் முறையாகத் தேறி ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தார்கள். நூறு வருடம் கழித்து, தூக்குவதற்கு இயந்திரமும், படுக்கையில் இழுத்து நகர்த்துவதற்கு வழுக்குத் துணியும் வந்தபிறகும், பலத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். முரட்டுத்தனமாகத் தூக்கிப் பழகிய பிசியோக்களின் முதுகு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த நோட்டில் இரண்டு கோடு போட்ட வார்த்தைகளைத்தான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'இதற்கெல்லாம் நேரம் எங்கே?' என்பீர்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் படிப்புக்காக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரே குழு முன்னால் நீண்ட நேரம் உட்கார வைப்பதற்குப் பதில், பல சிறிய அறைகள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், வேறு சூழ்நிலை, வேறு ஆள். 2004ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். காரணம் எளிமையானது. ஓர் இடத்தில் நன்றாகப் பேசுபவர் இன்னொரு இடத்தில் அப்படி இருப்பார் என்று சொல்ல முடியாது, ஒரே ஆளின் விருப்பு வெறுப்பும் தீர்ப்பாகிவிடக் கூடாது. பிசியோதெரபி சேர்க்கையிலும் பல இடங்களில் இந்த முறை வந்துவிட்டது. வந்த வேகத்தில் அதற்கும் பயிற்சி வகுப்பு வந்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனாலும் ஓர் அறையில் கைத்தடியும், இன்னோர் அறையில் நாற்காலியிலிருந்து எழச் சிரமப்படுபவரின் இரண்டு நிமிட வீடியோவும் வைத்தால், அதற்கு யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாது.

அந்தப் பெண்ணின் தாளை நான் திருத்தவில்லை. நோட்டில் இருப்பதை அப்படியே எழுது என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்களாம், தலைமைப் பண்பு இல்லாமல் அனுப்பினால் எடுப்பார்களா என்று. பழைய பக்கத்தையே அனுப்பிவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. எடுக்காமல் போனால் பழி என்மேல்தானே.

இன்னும் சில வாரங்களில் உங்களில் யாரோ ஒரு குழுவின் முன்னால் வந்து உட்காருவாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். நோட்டை எடுத்து வரலாமா என்று கேட்டாள், தாராளமாக என்றேன். அவளாக எடுத்துக் காட்ட மாட்டாள். பையில் என்ன வைத்திருக்கிறாய் என்று கொஞ்சம் கேளுங்கள். மூன்றாம் பக்கம்.

அன்புடன்,
வார்டிலிருந்து ஒரு பிசியோ