தியானப் பகுதி 23-ஆம் வசனத்தோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் தினமும் வரும் வேத தியானத்தைப் பல வீடுகளில் காலைக் குடும்ப ஜெபத்தில் அப்படியே வாசிக்கிறார்கள். வேதாகமத்தைத் திறக்காமல் பேப்பரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஜெபத்தை முடிக்கிற வீடுகளும் உண்டு. அந்தச் சில வரிகளுக்கு இருக்கிற கனத்தை நினைத்தே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற வாரம் மூன்று நாள் மத்தேயு 25-ஆம் அதிகாரத்திலிருந்து தியானம் வந்தது. மணவாளனை எதிர்கொள்ளக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் உவமையில் மணவாளன் வந்தார், ஆயத்தமாயிருந்தவர்கள் உள்ளே போனார்கள் என்பதோடு நிறுத்தப்பட்டது. கதவு அடைக்கப்பட்டதும், வெளியே நின்றவர்கள் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று கூப்பிட்டதும் இல்லை. எஜமான் மூன்று ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்து ஒப்படைத்துவிட்டுப் போகிற தாலந்து உவமை 23-ஆம் வசனத்தோடு முடிந்தது. மூன்றாவது ஊழியக்காரன் கணக்குக் கொடுக்க வரவே இல்லை. கடைசி நாள், செம்மறியாடு வெள்ளாடு பகுதியில் 34 முதல் 40 வரை மட்டும். 41 முதல் 46 வரை விடப்பட்டது. மூன்று நாளும் நியாயத்தீர்ப்பு இருந்த இடம் பார்த்துக் கத்தரி விழுந்திருக்கிறது.

எழுதுகிறவரின் மனது புரிகிறது. காலையில் ஆறுதல் தேடித்தான் மக்கள் வசனத்தைப் படிக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் இருப்பார், பிள்ளைக்கு வேலை கிடைக்கவில்லையே என்று தவிக்கிற தாய் இருப்பார். ஆனால் இந்த உவமைகளுக்குச் சற்று முன்னால், 24:45-இல், இயேசு ஒரு கேள்வி கேட்கிறார்: ஏற்ற வேளையிலே வீட்டாருக்குப் போஜனம் கொடுக்கும்படி எஜமான் வைத்த உண்மையும் விவேகமுமுள்ள ஊழியக்காரன் யாவன்? தினமும் தியானம் எழுதுகிறவர், ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்கிற சபைக் குருவானவர், குடும்ப ஜெபம் நடத்துகிற தகப்பன், எல்லாரும் அந்தக் கேள்விக்குள் நிற்கிறார்கள். வீட்டாருக்குரிய சாப்பாட்டில் பாதியை எடுத்து வைத்துவிட்டு இனிப்பை மட்டும் பரிமாறும் அதிகாரம் அந்த ஊழியக்காரனுக்கு இல்லை.

இந்தப் பகுதி துண்டாவதற்கு அதிகாரப் பிரிவும் ஒரு காரணம். அதிகாரங்கள் 13-ஆம் நூற்றாண்டில் பிரிக்கப்பட்டவை. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் பயன்படுத்தும் வசன எண்கள் 1551-இல் வந்தவை. மத்தேயு எழுதியபோது 24-க்கும் 25-க்கும் நடுவே கோடு கிடையாது. 25:1 "அப்பொழுது" என்றே தொடங்குகிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் மூன்று உவமைகளும் ஒரே நூலில் கோத்தவை என்பது தெரியும். பொல்லாத ஊழியக்காரன் "என் ஆண்டவன் வர நாள் செல்லும்" என்று உள்ளத்தில் சொல்லிக்கொள்கிறான் (24:48). மணவாளன் "வரத் தாமதித்தபோது" கன்னிகைகள் தூங்குகிறார்கள் (25:5). எஜமான் "வெகுகாலமானபின்பு" திரும்பி வந்து கணக்குக் கேட்கிறான் (25:19). கிரேக்க மூலத்தில் இந்த மூன்று இடத்திலும் காலத்தைக் குறிக்கும் "க்ரோனோஸ்" என்ற வேர்ச்சொல் நிற்கிறது. எஜமான் கண்ணுக்குத் தெரியாத அந்த நீண்ட இடைவெளியில் வீட்டுக்குள் இருப்பவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதுதான் இங்கே நியாயத்தீர்ப்பின் பொருள். ஊழியக்காரன், கன்னிகைகள், தாலந்து வாங்கியவர்கள் எல்லாருமே வீட்டைச் சேர்ந்தவர்கள். இந்த மூன்று உவமைகளிலும் அந்நியன் ஒருவனும் இல்லை. "நியாயத்தீர்ப்பு தேவனுடைய வீட்டிலே துவக்குங்காலமாயிருக்கிறது" என்று பேதுருவும் எழுதுகிறார் (1 பேதுரு 4:17).

தாலந்து உவமையில்தான் அதிகமான தவறு நடக்கிறது. நம் சபைகளில் "பாடுகிற தாலந்து", "பேசுகிற தாலந்து" என்று சொல்லிச் சொல்லி, தாலந்து என்றாலே திறமை என்று ஆகிவிட்டது. ஓய்வுநாள் பள்ளியில் நடக்கும் பாட்டுப் போட்டிக்குக்கூடத் தாலந்துப் போட்டி என்றுதான் பெயர். 25:15-ஐ மெதுவாக வாசியுங்கள். "அவனவனுடைய திறமைக்குத்தக்கதாக" தாலந்து கொடுக்கப்படுகிறது. திறமை ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. தாலந்து அதற்கு மேல் ஒப்படைக்கப்பட்ட வேறொன்று. அது எஜமானுடைய பணம் என்று 18-ஆம் வசனம் தெளிவாகவே சொல்கிறது.

எவ்வளவு பணம்? ஒரு தாலந்து 6,000 தெனாரியு என்னும் ரோம வெள்ளிக்காசு. ஒரு தெனாரியு ஒரு நாள் கூலி. மத்தேயு 20:2-இல் "நாளொன்றுக்கு ஒரு பணம்" என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்வது அதைத்தான். வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தால் ஒரு தாலந்து 20 வருஷக் கூலி. இன்றைக்குக் கூலி 700 ரூபாய் என்று கணக்குப் போட்டால் 42 லட்சம். ஐந்து தாலந்து என்றால் 2 கோடியே 10 லட்சம். ஒரு தாலந்து வாங்கினவனைப் "பாவம், அவனுக்குக் கொஞ்சம்தான் கிடைத்தது" என்று பிரசங்கிக்கிறவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து தாலந்தையே எஜமான் "கொஞ்சம்" என்றுதான் சொல்கிறான்.

அந்த மூன்றாவது ஆள் திருடவில்லை, செலவழித்துத் தீர்க்கவும் இல்லை. பணத்தை மண்ணில் புதைப்பது அந்தக் காலத்தில் யாரும் குறை சொல்லாத பாதுகாப்பு. பணத்துக்கு மண்ணைத் தவிர வேறு காவல் இல்லை என்ற கருத்து யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூத்திலேயே வருகிறது. அவன் தன்னைத்தான் பாதுகாத்துக்கொண்டான். காரணத்தை அவன் வாயாலேயே சொல்கிறான்: நீர் கடினமுள்ள மனுஷன் என்று அறிவேன், ஆகையால் பயந்தேன். எஜமானைப் பற்றி அவன் மனதில் வைத்திருந்த தப்பான படம்தான் அவன் கையைக் கட்டிப்போட்டது. முதல் இரண்டு பேருக்கு எஜமான் சொன்ன பதிலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் படம் எவ்வளவு தப்பு என்று விளங்கும். 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஐந்து சம்பாதித்தவனுக்கும் இரண்டு சம்பாதித்தவனுக்கும் சொல்லப்பட்ட பாராட்டு ஒரே வார்த்தைகள். "உன் எஜமானுடைய சந்தோஷத்திற்குள் பிரவேசி" என்பது இருவருக்கும் ஒன்றுதான். அங்கே அளக்கப்பட்டது உண்மை. 23-இல் நிறுத்திவிட்டால் அந்தத் தப்பான படத்தை இந்தப் பாராட்டோடு ஒப்பிடுவதும் போய்விடுகிறது. பயத்தினால் கீழ்ப்படியாமல் போகிறவனுக்கு மருந்தான பகுதியும் போய்விடுகிறது.

கன்னிகைகள் உவமையில் இரண்டே குறிப்பு சொல்கிறேன். "எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்" என்கிறது வசனம். புத்தியுள்ளவர்களும் தூங்கினார்கள்; எனவே தூக்கம் குற்றம் அல்ல. இரண்டாவது, நம் பழைய மொழிபெயர்ப்பில் உள்ள "தீவட்டி" மிகப் பொருத்தமான சொல். அகல்விளக்கு வெகுநேரம் நின்று எரியும். கம்பில் துணி சுற்றிய தீவட்டியோ சீக்கிரம் கருகும்; எண்ணெயில் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். கூடவே ஒரு பாத்திரத்தில் எண்ணெய் வைத்திருப்பதா இல்லையா என்பதில்தான் புத்தியுள்ள ஐந்து பேரும் புத்தியில்லாத ஐந்து பேரும் பிரிந்தார்கள். எண்ணெய் என்றால் பரிசுத்த ஆவி என்று உடனே பொருள் சொல்லிவிட்டால், "விற்கிறவர்களிடத்தில் போய் வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற வரியில் மாட்டிக்கொள்வோம். நடுராத்திரியில் கடன் வாங்க முடியாத ஆயத்தம் ஒன்று உண்டு என்ற அளவில் நிற்பதே நலம்.

ஜனங்களைச் செம்மறியாடு, வெள்ளாடு என்று வலதும் இடதுமாகப் பிரிக்கிற பகுதியை எழுதும்போது நிதானம் வேண்டும். பகலெல்லாம் ஒன்றாக மேய்கிற மந்தையைப் பிரிக்கிற காட்சி, ஆடு மேய்க்கிறவர்களுக்குப் பழக்கமானது. பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாமை, வியாதி, காவல் என்ற ஆறும் 35 முதல் 44 வரை நான்கு தடவை திரும்ப வருகின்றன. சத்தமாக வாசித்தால் அந்த அடுக்கு காதில் விழும். 40-இல் நிறுத்தினால் இரண்டு தடவையோடு போய்விடும். "மிகவும் சிறியவராகிய என் சகோதரர்" யார் என்பதில் வேத அறிஞர்களிடையே ஒருமனம் இல்லை. 10:40-42-ஐயும் 12:50-ஐயும் காட்டிச் சீஷர்களே என்பார் உண்டு. துன்பப்படுகிற எல்லாரும் என்பாரும் உண்டு. வாசகருக்கு இதைச் சொல்லிவிடுவது நேர்மை. ஆனால் இரண்டு பக்கத்தாருமே "ஆண்டவரே, எப்பொழுது?" என்று கேட்கிறார்கள் என்பதை எந்த விளக்கமும் மாற்ற முடியாது. வலது பக்கம் நின்றவர்கள் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு செய்யவில்லை. இடது பக்கம் நின்றவர்கள் மேல் கொலை, களவு என்று ஒரு குற்றமும் சாட்டப்படவில்லை. செய்யாமல் விட்டதே குற்றம்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு நடக்கிறது. நியாயத்தீர்ப்பு வசனத்தை எடுத்து அடுத்த சபையாரை, வேறு ஜெப முறை உள்ளவர்களை, சொந்தச் சபையில் தனக்குப் பிடிக்காதவர்களை அடிக்கிற தியானங்கள் வாட்ஸாப்பில் தினமும் சுற்றுகின்றன. பொல்லாத ஊழியக்காரன் முதலில் செய்தது என்ன என்று 24:49-இல் பாருங்கள்: "தன் உடன்வேலைக்காரரை அடிக்கத் தொடங்கி". குடியும் வெறியும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கர்த்தர் வருமளவும் காலத்துக்கு முன்னே தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று பவுல் எழுதியதும் (1 கொரிந்தியர் 4:5) இதற்காகத்தான்.

அப்படியானால் கிருபை எங்கே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மத்தேயு 18:23-35-ஐ அதே வாரத்தில் பக்கத்தில் வையுங்கள். அங்கே ராஜா மன்னித்த கடன் பதினாயிரம் தாலந்து, அதாவது 6 கோடி நாள் கூலி. மன்னிக்கப்பட்டவன் தன் உடன் ஊழியக்காரன் கழுத்தைப் பிடித்தது நூறு பணத்துக்காக. 100 நாள் கூலி. ஆறு லட்சம் மடங்கு வித்தியாசம். மன்னிப்பு முதலில் வந்துவிட்டது. அதைப் பெற்றவன் என்ன செய்தான் என்பதே பிறகு விசாரிக்கப்படுகிறது.

ஒரு நாளுக்கு ஒரு வசனம் என்ற பழக்கம் நம்மிடம் வந்த வழியையும் நினைக்கலாம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊரில் மொரேவிய சகோதரர்கள் என்ற புராட்டஸ்டண்ட் சபையார் 1728-இல் அன்றாட வசனத்தைத் தொடங்கினார்கள். 1731 முதல் அதை அச்சிட்டார்கள். அவர்களில் சிலர் 1760-இல் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். ஒருவரையொருவர் தினமும் விசாரிக்கிற, ஒன்றாக வாழ்கிற சபைக்கு அந்த ஒரு வசனம் போதுமானதாக இருந்தது. புத்தாண்டு ஆராதனையில் எடுக்கிற, ஒரு வசனம் மட்டும் உள்ள வாக்குத்தத்த அட்டை மட்டும் கையில் இருக்கிற வீட்டுக்கு அது போதாது. கத்தோலிக்கத் திருச்சபை வேறு வழி வைத்திருக்கிறது. அதன் வழிபாட்டு நாட்காட்டியில் பொதுக்காலம் எனப்படும் பகுதியின் 21-ஆம் வார வியாழன், வெள்ளி, சனியில் 24:42 முதல் 25:30 வரை ஒவ்வோர் ஆண்டும் வரிசையாக வாசிக்கப்படுகிறது. தவக்காலம் முதல் வாரத் திங்களன்று 25:31-46 முழுவதும் வருகிறது. தங்கள் தியானப் பகுதிக்கு இது நல்ல மாதிரி.

எனவே என் வேண்டுகோள் இது. 24:36 முதல் 25:46 வரை மொத்தம் 62 வசனம். நிதானமாகச் சத்தம் போட்டு வாசித்தாலும் பத்து நிமிஷம்தான். இதை ஏழு நாளாகப் பிரித்துப் போடலாம். முதல் நாள் 24:36-44. இரண்டாம் நாள் 24:45-51. மூன்றாம் நாள் 25:1-13. நான்காம் நாள் 14-23. ஐந்தாம் நாள் தனியாக 24-30, ஏனென்றால் மூன்றாவது ஊழியக்காரனுக்கு ஒரு முழு நாள் தேவை. ஆறாம் நாள் 31-46, எங்கும் வெட்டாமல். ஏழாம் நாள் 18:23-35. இடம் குறைவு என்றால் வசனத்தை அச்சிட வேண்டாம். எண்ணைப் பெரிய எழுத்தில் மேலே போட்டு "வேதாகமத்தில் வாசிக்கவும்" என்று எழுதினால் போதும். 150 சொல் கிடைக்கிறது என்றால் முதல் 80 சொல்லில் அந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பது மட்டும் வரட்டும். அடுத்த 40-இல் வாசிக்கிறவர் தன்னிடமே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி. மீதி 30-இல் அன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம், ஆளும் நேரமும் தெரிகிற மாதிரி. "பிறருக்கு உதவுவோம்" என்று எழுதினால் யாரும் எழுந்து போவதில்லை. "இன்று மாலை ஆறு மணிக்குமுன், உங்கள் தெருவில் படுக்கையாய் இருப்பவரைப் பார்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள்" என்று எழுதினால் ஒரு வீட்டிலாவது போவார்கள்.

சென்ற வாரம் விடுபட்ட 25:10-13, 24-30, 41-46 ஆகிய மூன்று பகுதிகளையும் வரும் வாரத்திலேயே வெளியிட்டால், பேப்பரை வைத்துக் குடும்ப ஜெபம் நடத்துகிற வீடுகளுக்குப் பாதியில் நின்ற வாசிப்பு முழுமையாகும்.

இப்படிக்கு,
வேதபாட வகுப்பு நடத்தும் ஓர் உபதேசியார்,
திருநெல்வேலி மாவட்டம்