பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே வேரோடு அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள் மற்றும் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
சூலூர் வட்டம், கோயம்புத்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கோயம்புத்தூர்.

பொருள்: பள்ளியை ஒட்டிய புறம்போக்கு நிலத்தில் பார்த்தீனியச் செடிகளை அகற்றுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து ரேஷன் கடை வரை பார்த்தீனியம் என்னும் களைச்செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. பசித்த மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. காற்றடித்தால் மகரந்தம் வகுப்பறைக்குள் வருகிறது. பிள்ளைகள் தும்மித் தும்மிக் கண் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வயலுக்குப் போகும் பெரியவர்களுக்கோ இமை, கழுத்து, முழங்கை மடிப்பில் தோல் தடித்துக் கறுத்துவிட்டது. களிம்பு தடவினால் அடங்குகிறது, செடிப்பக்கம் போனால் மறுபடியும் அரிக்கிறது. செடியிலுள்ள பார்த்தெனின் என்ற நச்சுப்பொருளே இதற்குக் காரணம் என்கிறார்கள் மருத்துவர்கள்.

யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆண்டுதோறும் வெட்டுகிறார்கள், வெட்டும் விதம்தான் எங்கள் குறை. நிலம் வெள்ளை வெளேரென்று பூத்த பிறகே இயந்திரம் வருகிறது. மகரந்தம் புழுதியோடு பறக்கிறது, விதை சிதறுகிறது, அடிக்கட்டை மறுபடி துளிர்க்கிறது. ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது. வெட்டியதை நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள் வெறுங்கையால் அள்ளுகிறார்கள். 1955-இல் புனேயில் கண்டறியப்பட்ட இந்த அமெரிக்கக் களை நாடெங்கும் பரவியதில் இப்படிப்பட்ட துப்புரவுக்கும் பங்கு உண்டு என்றே எண்ணத் தோன்றுகிறது.

முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும் செடி இது. ஆகவே மழை பெய்து மண் இளகியிருக்கும்போதே, பூ எடுப்பதற்கு முன், வேரோடு பிடுங்க உத்தரவிட வேண்டுகிறோம். பணியாளர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம் தரப்பட வேண்டும். பிடுங்க முடியாத கல்லாங்குத்து நிலத்தில், பூக்காத செடிகள்மீது லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்து நல்ல வெயிலில் தெளிக்கலாம். நம் மாவட்டத்திலேயே உள்ள வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறைதான் அது. பள்ளிச் சுவரோரம் மட்டும் உப்பு வேண்டாம், அங்கே வேப்பங்கன்றுகள் நட்டிருக்கிறோம்.

வெற்றிடமாக விட்டால் பார்த்தீனியமே திரும்ப முளைக்கும். அங்கே தகரை என்னும் செடியை விதைக்க அனுமதி தாருங்கள். அது அடர்ந்து வளர்ந்து இதைத் தலையெடுக்க விடாது. விதை சேகரித்துத் தருவது எங்கள் பொறுப்பு.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய மூன்று வாரங்களுக்குள் முதல் சுற்றுப் பணி முடியுமாறு ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)