தளபதிகளை எதை வைத்து எடை போடுகிறீர்கள்?

வரலாற்று வினாத்தாள் குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டுத் தேர்வில், மணிப்பூரில் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் மோதிய 1944 இம்பால் போரின் இரு தரப்புத் தளபதிகளையும் ஒப்பிடச் சொல்லியிருந்தீர்கள். கேள்வி நல்ல கேள்வி. விடைக்குறிப்புதான் வருத்தமாக இருக்கிறது. துணிச்சல், மன உறுதி, விரைந்து முடிவெடுத்தல், பேச்சாற்றல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் ஒதுக்கியிருக்கிறீர்கள். படைவீரனுக்குச் சோறும் மருந்தும் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு அரை மதிப்பெண்கூட இல்லை.

என் மாணவி ஒருத்தியின் விடைத்தாள் நகல் என் கையில் இருக்கிறது. பிரிட்டிஷ் தரப்பின் 14-வது படைத் தளபதி வில்லியம் ஸ்லிம் பற்றி எழுத வந்தவள், ஒரு பக்கம் முழுக்க மலேரியா மாத்திரையைப் பற்றி எழுதியிருக்கிறாள். அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில் 'கேள்விக்குத் தொடர்பில்லை' என்ற குறிப்பு. மதிப்பெண் பூஜ்ஜியம்.

அவள் எழுதியது இதுதான். 1943-இல் பர்மா முனையில் காயம்பட்டு அப்புறப்படுத்தப்பட்ட ஒருவருக்கு 120 பேர் என்ற கணக்கில் நோயாளிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். எதிரியைவிடக் கொசுவே படையை அதிகம் கரைத்தது. மெபாக்ரின் மாத்திரை இருந்தும் பலர் விழுங்கவில்லை. ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. ஸ்லிம் திடீர்ச் சோதனைக்கு உத்தரவிட்டார். ஒரு பிரிவில் 95 விழுக்காட்டுக்குக் குறைவானவர்கள் மாத்திரை எடுத்திருந்தால், போனது வீரனின் வேலை அல்ல, அந்தப் பிரிவின் தலைவருடைய வேலை. மூன்று பேரை நீக்கியதுமே மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது. பெரும்பாலும் இந்திய வீரர்களால் ஆன அந்த 14-வது படை, அடுத்த ஆண்டு இம்பாலிலும் அதற்கு வடக்கே நாகா மலையிலுள்ள கொஹிமாவிலும் நின்று போரிட முடிந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இது தலைமைப் பண்பு இல்லையென்றால் வேறு எது? தயவுசெய்து சொல்லுங்கள்.

எதிர்த் தரப்பையும் பாருங்கள். ஜப்பானியத் தளபதி முடாகுச்சி ரென்யா மூன்று வாரத்துக்கான உணவோடு மூன்று டிவிஷன்களை, அதாவது பெரும் படைப்பிரிவுகளை, மலை தாண்டி அனுப்பினார். இம்பாலைப் பிடித்து அங்குள்ள கிடங்குகளில் மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கூடவே ஓட்டிச் சென்ற மாடுகளில் பல பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடக்கும்போதே போயின. இம்பால் விழவில்லை. கொஹிமாவில் நின்ற டிவிஷனின் தளபதி சாட்டோ கோட்டோகு, அரிசியும் குண்டுகளும் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, கடைசியில் உத்தரவை மீறித் தன் டிவிஷனைப் பின்வாங்கச் செய்தார். முடாகுச்சி அவரைப் பதவியிலிருந்து தூக்கினார். மற்ற இரு டிவிஷன் தளபதிகளையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் படையெடுப்பில் சுமார் 30,000 ஜப்பானியர் இறந்தார்கள், பெரும்பாலோர் பசியாலும் நோயாலும். உங்கள் விடைக்குறிப்பை வைத்துத் திருத்தினால் துணிச்சலுக்கும் உறுதிக்கும் முடாகுச்சி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். சாட்டோவைச் சேர்க்க அதில் இடமே இல்லை. தன் ஆட்கள் பட்டினியால் சாகக் கூடாது என்று தன் பதவியைப் பணயம் வைத்தவரை எந்தத் தலைப்பின் கீழ் எழுதச் சொல்கிறீர்கள்?

ஸ்லிமும் தவறே செய்யாதவர் அல்ல. கொஹிமாவுக்கு டிவிஷனின் ஒரு பகுதியான ஒரு ரெஜிமென்ட்தான் வரும் என்று நினைத்தார், ஒரு முழு டிவிஷன் வந்தது. அந்தத் தவறைப் பின்னாளில் அவரே வெளிப்படையாக எழுதினார். அதே 1944 ஜூனில், பிரான்சின் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முன்னால், அது தோற்றால் வெளியிடுவதற்கென்று நேச நாட்டுத் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் ஒரு சிறு குறிப்பைக் கையால் எழுதி வைத்திருந்தார். பழி முழுவதும் தன் ஒருவனுடையது என்றது அது. தோல்விக்கு யார் பொறுப்பேற்றார், யார் கீழே உள்ளவர்கள் தலையில் போட்டார் என்பதும் ஒப்பிட வேண்டிய விஷயம்தானே?

இந்தக் கோளாறு உங்கள் குழுவோடு நிற்கவில்லை. பாடநூலிலும் மேடைப் பேச்சிலும் தளபதி என்றால் குதிரையில் வாளை உயர்த்தியவர்தான். முதல் உலகப் போரில், 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் முனையில் ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் மாண்டார்கள். அந்த எண்ணைக் கேட்கும் கேள்வி வருகிறது. அத்தனை பேர் போன பிறகும் தாக்குதலைத் தொடரச் சொன்ன முடிவை எடைபோடும் கேள்வி வருவதே இல்லை. கேள்வி கேட்காத தலைமுறை ஒன்றை நாமே தேர்வு வைத்துத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம். சொன்னால் கோபம் வருகிறது, மன்னியுங்கள்.

நான் கேட்பது பெரிதல்ல. தலைமையை ஒப்பிடும் கேள்வியின் விடைக்குறிப்பில் உணவு, மருத்துவம், பொறுப்பேற்றல் மூன்றுக்கும் மதிப்பெண் ஒதுக்குங்கள். அடுத்த வினாத்தாள் அச்சுக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். அதற்கும் முன்னால், சிவப்புக் கோடு போட்ட அந்தப் பக்கத்தை மறுபடி படித்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். மறுமதிப்பீட்டு விண்ணப்பம் ஏற்கெனவே உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்