குளோரினுக்கு முன்னால் கரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் வந்தாலே குடிநீர் பற்றிய பேச்சு, குளோரின் போதுமா போதாதா என்பதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று உண்டு. ஏரிக்கு முதல் நீர்வரத்து வரும்போது சருகும் பாசியும் அழுகி ஏரிநீரில் கரையும் ஹியூமிக் பொருட்கள், வெள்ளைப் பீங்கான் கோப்பையில் இளமஞ்சளாகத் தெரியும். அவை தம்மளவில் நஞ்சல்ல. ஆனால் குளோரினோடு வினைபுரிந்து குளோரோஃபார்ம் முதலான, உடலுக்குத் தீங்கான டிரைஹாலோமீத்தேன் சேர்மங்களை உண்டாக்குகின்றன. ராட்டர்டாம் குடிநீரில் இதை ரூக் என்ற வேதியியலாளர் கண்டு 1974-இல் வெளியிட்டார். நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவான ஐ.எஸ். 10500, குளோரோஃபார்முக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என வரம்பு வைத்திருக்கிறது. இதற்காகக் குளோரினைக் குறைக்கச் சொல்வது காலராவை அழைப்பதாகும். குறைக்க வேண்டியது ஹியூமிக் போன்ற கரிமப் பொருளை.

பெரிய மூலக்கூறுகளில் பெரும்பகுதியைப் படிகாரமே இறக்கிவிடும். எஞ்சுவதில் கணிசமான பங்கைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளக்கூடியது ஆக்டிவேட்டட் கார்பன் எனப்படும், நுண்துளைகள் நிறைந்த கரித்தூள். அந்தத் தூளைக் குளோரின் இடுவதற்கு முன்பே கலந்து, ஊறுவதற்கு நேரம் தர வேண்டும். பாசிக்குப் பயந்து முதலிலேயே குளோரினைக் கொட்டினால், கரி குளோரினைத் தின்றுவிடும். இரண்டுக்கும் செலவழித்த பணம் வீண்.

எந்தக் கரி என்பதிலும் கவனம் தேவை. காங்கேயம் வட்டாரத்தில் நாம் நன்கறிந்த தேங்காய்ச் சிரட்டைக் கரியின் துளைகள் பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகியவை. குளோரோஃபார்ம் போன்ற சிறு மூலக்கூறுகளுக்கு அது பொருத்தம். உருவில் பெரிய ஹியூமிக் மூலக்கூறுகள் அதனுள் நுழைவது கடினம். அவற்றுக்கு அகன்ற துளைகள் கொண்ட மரக்கரியோ நிலக்கரி வகையோ வேண்டும். கரி எவ்வளவு அயோடினை ஈர்க்கிறது என்பதைச் சொல்லும், சிறு துளைகளை மட்டுமே காட்டும் அயோடின் எண்ணை வைத்து ஒப்பந்தப்புள்ளி கோரினால், எண் உயர்ந்த கரி கிடைக்கும், தண்ணீரின் மஞ்சள் போகாது.

செலவையும் மறைக்க வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் செம்பரம்பாக்கம் அளவிலான நிலையத்தில், லிட்டருக்கு 10 மில்லிகிராம் வீதம் கலந்தாலே தினமும் 5.3 டன் தூள் தேவைப்படும். ஆண்டு முழுவதும் கொட்டத் தேவையில்லை; கரிமப் பொருள் ஏறும் வாரங்களில் இட்டால் போதும். அந்த ஏற்றத்தை அறிய, 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியை நீர் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. ஏரிகளின் நீர் இருப்பைத் தினமும் வெளியிடுவதுபோல் இந்த அளவையும் வெளியிட அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
போரூர், சென்னை