பாதிப் பேச்சு

திருப்பூர்

அன்புள்ள செந்திலுக்கு, அப்பா எழுதுவது.

அம்மா நலமாக இருக்கிறாள். அப்புச்சியின் திதிக்கு நீ வராததை யாரும் குறையாகச் சொல்லவில்லை. மாமா மட்டும் இருமுறை கேட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உன் பெயர் இல்லாததை அம்மா இன்னும் கவனிக்கவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது நீ விட்டுச் சென்ற பழைய கைபேசியைச் சார்ஜ் போட்டுத் திறந்தேன். யூடியூப் உன் கணக்கிலேயே இருந்தது. பார்த்திருக்கக் கூடாது, பார்த்துவிட்டேன். அன்று இலையின் முன் அமர்ந்து நாம் சண்டையிட்ட அந்தச் சட்டமன்றப் பேச்சு அதிலும் இருந்தது. எனக்கு வந்திருந்தது அமைச்சர் குரலை உயர்த்திய 40 நொடி; உனக்கு வந்திருந்தது அதற்கு எதிர்வரிசையில் எழுந்த மறுப்பு மட்டும். ஆளுக்கொரு துண்டை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பொய்யர் என்று சொல்லிவிட்டோம்.

யூடியூப் 2012-லேயே, எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துப் பரிந்துரைக்கத் தொடங்கிவிட்டதாம். 2017-இல் ஃபேஸ்புக், சினம் காட்டும் முகக்குறிக்கு விருப்பக்குறியைப் போல் 5 மடங்கு மதிப்பு வைத்திருந்ததாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவை போன்றவையே மேலும் மேலும் வந்தது அதனால்தான். எந்தப் பேச்சையும் முழுதாகக் கேள், கண்ணு. ஆறாம் வகுப்பில் டீக்கடை பெஞ்சில் முரசொலி, நமது எம்.ஜி.ஆர் என்ற இரு கட்சி நாளிதழ்களையும் அருகருகே விரித்து, ஒரே கூட்டத்துக்கு இரண்டு கணக்கு எப்படி வரும் என்று கேட்ட பிள்ளை நீ. அதைக் கம்பெனி முழுவதும் சொல்லித் திரிந்தேன். அப்படிப்பட்டவன் எனக்கு ஒரு துண்டை மட்டும் நீட்டியதுதான் வலித்தது. முழுதாகக் கேள்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. 2023 மார்ச் மாதம், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வேறு சம்பவங்களில் எடுத்த காட்சிகளைப் பரப்பினார்கள். காவல்துறை மறுத்தது, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. நம் ரயில் நிலையத்தில் மூட்டைகளோடு நின்றவர்களை, அதைப் பரப்பியவர்கள் உயிர் தப்பி ஓடுவதாகக் காட்டினார்கள், என் கட்சிக்காரர்கள் ஹோலிக்கு ஊர் போவதாகக் காட்டினார்கள். நீ தொலைபேசியில் கேட்டபோது, ஹோலிக்குத்தான் போகிறார்கள், இங்கே எவரும் அஞ்சவில்லை என்று அடித்துச் சொன்னேன்.

என் கட்டிங் மேசைக்கு அடியில் ஒரு பையன் இரண்டு இரவு படுத்திருந்தான். தர்பங்காக்காரன், இருபது வயது இருக்கும். வெளியே டீ குடிக்கக்கூட வரவில்லை. அவன் தாய் நாளுக்குப் பத்து முறை அழைத்து அழுதாள். சம்பளத்தைக் கையில் கொடுத்து ரயிலேற்றிவிட்டவன் நான். அன்று மாலையே உன்னிடம் அப்படிச் சொன்னேன். அவனைப் பற்றிச் சொன்னால் உன் கட்சி வென்றுவிடும் என்று நினைத்தேன். ஹோலி முடிந்தும் அவன் திரும்பவில்லை.

அந்தச் சட்டமன்றப் பேச்சின் முழுப் பதிவையும் எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் கேட்கவில்லை. பொங்கலுக்கு வந்தால் சேர்ந்து கேட்கலாம். அம்மா முறுக்குக்கு மாவு அரைக்க நாள் கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா