வெள்ளம் வடியும்போது போ

அன்புள்ள பாப்பா,

முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றில் ஏறும் சால்மன் மீன் அருவியில் தாவுவதைப் பார்க்க அக்டோபரில் போகலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போ. ஆனால் சனிக்கிழமை லீவு கிடைத்தது என்பதற்காக மட்டும் கிளம்பாதே. நாட்காட்டியைப் பார்த்துப் போகிறவர்கள் பாதிப்பேர் வெறும் நுரையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நீ பார்க்க வேண்டியது ஆற்றின் நீர்மட்டம்.

ஸ்காட்லாந்தில் எந்த மாதம் எடுத்தாலும் ஏதோ ஓர் ஆற்றில் சால்மன் நுழைந்துகொண்டுதான் இருக்கும். முட்டையிடுவது பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில். அதனால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் பாதிவரை மேலே போகிற அவசரம் அதிகம். வடக்கே ஷின், ரோகி அருவிகளில் கோடையிலேயே தாவ ஆரம்பித்துவிடும். எடின்பரோவிலிருந்து ஒரே நாளில் போய்வர, பெர்த்துக்கு மேற்கே ஆல்மண்ட் ஆற்றில் இருக்கும் புக்கான்டி ஸ்பவுட் என்ற அருவிதான் வசதி. அதற்கு அக்டோபர், நவம்பர்தான் காலம்.

நம் பக்கத்து ஏத்துமீன் புதுவெள்ளம் வந்தவுடனே எதிர்த்து ஏறும். அந்தக் கணக்கில் மழை கொட்டுகிற அன்றைக்கே ஓடாதே. இங்கே ஆறு பெருகி, மண்ணும் சருகும் அடித்துக்கொண்டு வரும்போது சால்மன் கரையோரம் ஒதுங்கிவிடும். அந்த வேகத்தில் அருவியை எதிர்ப்பது அதற்கு வீண் செலவு. மழையே இல்லாமல் ஆறு இளைத்துக் கிடந்தாலும் ஏறாது, கீழே மடுவில் காத்துக் கிடக்கும். வெள்ளம் வந்து, மட்டம் இறங்க ஆரம்பித்து, தண்ணீர் தெளிகிற அந்த இடைவெளிதான் உனக்கு வேண்டியது. செங்குத்தான சின்ன ஆறுகளில் அது ஒரு நாளில்கூட முடிந்துவிடும், பெரிய ஆறென்றால் இரண்டு மூன்று நாள் நீடிக்கும். ஒன்று கவனி. மேட்டுநிலத்தின் கரிமண்ணில் ஊறி வருவதால் அந்த ஆறுகளின் தண்ணீர் தெளிந்த பிறகும் பழுப்பாகத்தான் இருக்கும். நிறத்தை வைத்துக் கலங்கல் என்று முடிவு கட்டாதே. முழங்கால் ஆழத்தில் கல் தெரிகிறதா என்று பார்.

இதை வீட்டிலிருந்தே கணிக்கலாம். ஸ்காட்லாந்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆறுகளின் நீர்மட்டத்தைக் கோட்டு வரைபடமாக இணையத்தில் போடுகிறது. புக்கான்டிக்கு ஆல்மண்ட்பேங்க் அளவுமானியைப் பார். அது அருவிக்குக் கீழே இருப்பதால் அருவியில் மட்டம் இறங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அங்கே காட்டும். கோடு விறுவிறுவென்று ஏறி, முனை திரும்பி, சரியத் தொடங்கிவிட்டதென்றால் மறுநாள் காலை கிளம்பு. ஒரு வாரமாகத் தட்டையாகவே கிடந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு. இதில் ஒரு வம்பு உண்டு. ஆல்மண்ட் என்ற பெயரில் இரண்டு ஆறுகள். எடின்பரோ ஓரமாக க்ராமண்டில் கடலில் விழுவது வேறு. டேய் ஆற்றில் கலக்கும் பெர்த்ஷயர் ஆல்மண்ட்தான் உனக்கானது. தவறான வரைபடத்தை நம்பிப் போனால் நாள் பாழ்.

தண்ணீரின் குளிரையும் சேர்த்து எண்ணிக்கொள். மீனின் உடற்சூடு ஆற்றின் சூடுதான். சுமார் 5 டிகிரிக்குக் கீழே போனால் தசை மந்தமாகிவிடும், அருவி ஏறப் பெரும்பாலும் முயலாது. நவம்பரில் இரவு உறைபனி கொட்டியிருந்தால் அதிகாலையில் போய் நிற்காமல், நண்பகலுக்குப் பிறகு கொஞ்சம் வெயில் ஏறியதும் நில். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், அதன்பின் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும் என்பதையும் மறக்காதே.

அங்கே போனதும் எல்லோரும் அருவியின் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீ அடியைப் பார். விழுகிற தண்ணீர் மடுவின் ஆழத்துக்குப் போய், கொஞ்சம் தள்ளி மறுபடி மேலே பொங்கி வரும். அந்தப் பொங்கலின் உந்துதலைப் பிடித்துக்கொண்டுதான் மீன் எழும்பும். டி. ஏ. ஸ்டூவர்ட் என்ற ஸ்காட்லாந்து ஆய்வாளர் 1962-இல் இதை விளக்கமாக எழுதினார். அருவியின் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு ஆழம் மடுவுக்கு இருந்தால்தான் அந்தப் பொங்கல் சரியான இடத்தில் அமையும் என்பது அவர் கண்டது. ஒரு மீட்டர் அருவிக்கு ஒன்றேகால் மீட்டர் ஆழம். மடு கல்லும் சரளையுமாக நிரம்பி ஆழம் குறைந்துபோனால், சின்ன அருவிகூட மீனுக்குப் பெரிய தடையாகிவிடும். பொங்கும் இடம் நீர்மட்டத்தைப் பொறுத்து மாறுவதால் தாவுகிற இடமும் மட்டத்தோடு நகரும். நேற்று யாரோ படம் பிடித்த மூலையிலேயே இன்றும் தாவும் என்று இல்லை.

எவ்வளவு உயரம் தாவும் என்ற கணக்கும் எளிதுதான். வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் நீரை விட்டு நேராக மேலே கிளம்பினால் சுமார் 1.8 மீட்டர் எழும்பலாம், 8 மீட்டர் வேகமென்றால் 3.3 மீட்டர். சாய்வாகக் கிளம்பினால் அந்த அளவுக்கு உயரம் குறையும். சால்மன் மூன்றரை மீட்டர் தாவும் என்று சொல்வதெல்லாம் மடு, மட்டம், குளிர் எல்லாம் கூடி வருகிற நாளுக்கான உச்சக் கணக்கு. சாதாரண நாளில் அதில் பாதியைப் பார்த்தாலே நல்ல காட்சி.

நீ பார்ப்பதில் பெரும்பகுதி தோல்வியாகத்தான் இருக்கும் பாப்பா. பாறையில் மோதி, புரண்டு, மடுவிலேயே வந்து விழும். ஏறிவிடுகிற மீன்களில் பல கண்ணில் படுவதே இல்லை. ஓரத்தில் பாறை இடுக்கு வழியே இறங்குகிற கனத்த தண்ணீருக்குள்ளேயே உடலை அடித்து நீந்திப் போய்விடும். அதனால் அருவி நடுவை மட்டும் பார்க்காமல் இரண்டு ஓரத்தையும் பார். மேல் விளிம்பில் ஒரு வால் அடிப்பது தெரிந்தால் அது ஜெயித்த மீன்.

தாவுவதெல்லாம் சால்மனும் இல்லை. கடலுக்குப் போய்த் திரும்பும் ட்ரௌட்டும் கூடவே ஏறும். சால்மனுக்கு வால் அடி ஒடுங்கியும் வால் நுனி உள்வாங்கியும் இருக்கும். ட்ரௌட்டுக்கு வாலடி தடிப்பு, நுனி ஏறக்குறைய நேர்கோடு, உடலில் புள்ளிகளும் அதிகம். புதிதாகக் கடலிலிருந்து வந்த சால்மன் வெள்ளிபோல இருக்கும். அக்டோபர் ஆண் மீன் செம்பழுப்பாக மாறி, கீழ்த்தாடை கொக்கியாக வளைந்திருக்கும். அதை எவரும் தவறவிட முடியாது.

படம் எடுப்பதற்கு: மீனைக் கண்ட பிறகு கேமராவைத் தூக்கினால் கிடைக்காது. பொங்கும் இடத்துக்கு மேலே ஓர் இடத்தில் ஃபோகஸைப் பூட்டிவை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு, தொடர்ச்சியாக எடுக்கும் முறை. போன் என்றால் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துவிட்டு அதிலிருந்து படத்தைப் பிரித்துக்கொள். கண்ணில் போடுகிற போலராய்டு கண்ணாடி ஒன்று கொண்டுபோ. மேற்பரப்பின் பளபளப்பு போய், மடுவில் வரிசை கட்டி நிற்கிற மீன்கள் தெரியும். என்னைக் கேட்டால் தாவுவதைவிட அது இன்னும் ரசிக்கத்தக்கது.

ஷின்னில் பார்வை மேடை இருக்கிறது, ரோகியில் தொங்குபாலம். புக்கான்டியில் பாறைமேல்தான் நிற்க வேண்டும். சாரல் படுகிற பாறையில் பாசி கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்த, வெளிறிய பாறையில் மட்டும் கால் வை. நன்றாகப் பிடிக்கும் அடியுள்ள பூட்ஸ் போடு. விளிம்பிலிருந்து இரண்டு எட்டு பின்னால் நின்றாலும் காட்சி குறையாது. படத்துக்காகக் குனிகிறபோதுதான் ஆட்கள் வழுக்குகிறார்கள்.

ஆற்றுக்குள் வந்ததிலிருந்து சால்மன் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பில்தான் ஏறுவது, முட்டையிடுவது எல்லாம். அதனால் கல் எறிவது, நாயைத் தண்ணீரில் விடுவது, மடுவோரம் இறங்கி நிழல் காட்டுவது எதுவும் வேண்டாம். நவம்பரில் அருவிக்கு மேலே நடந்தால் ஆழமில்லாத சரளைப் படுகையில் கால் வைக்காதே. கழுவினதுபோல வெளுத்துத் தெரிகிற சரளைக்கு அடியில் முட்டை இருக்கும். பிரிட்டனின் சால்மனை 2023 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழியும் ஆபத்தில் உள்ள பட்டியலில் சேர்த்திருக்கிறது. முன்போல மீன் இல்லை. ஒரு மணி நேரம் ஒன்றும் தாவாவிட்டாலும் எழுந்து போய்விடாதே, இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்.

பிட்லாக்ரி அணைக்கு ரயிலிலேயே போகலாமே என்று தோழிகள் சொல்வார்கள். அங்கே இருப்பது அணையைத் தாண்ட மீனுக்குக் கட்டிய ஏணி, 310 மீட்டர் நீளம், 34 தொட்டிகள். தொட்டிகளை நீருக்கடியில் குழாய்கள் இணைக்கின்றன, மீன் அதன் வழியே நீந்திப் போகிறது. ஏணியைப் பார்க்க நன்றாக இருக்கும், தாவலை எதிர்பார்த்து நிற்காதே. கார் கிடைக்காவிட்டால் செல்கர்க் பக்கம் ஃபிலிப்ஹாக்கில் மீன் தாவுகிற எட்ரிக் ஆற்றுத் தடுப்பணை இருக்கிறது, அதை முயற்சி செய். புக்கான்டிக்குப் பேருந்தை நம்பாதே.

வரைபடத்தைப் பார்த்துவிட்டு எந்த நாள் என்று முடிவு செய்ததும் ஒரு போன் போடு. உள்ளே கம்பளிச் சட்டை, மேலே மழைக்கோட்டு, ஒரு ஜோடி மாற்றுக் காலுறை. அம்மாவும் இதையே எழுதச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா